குச்சுக்குள் ஒரு பூமி

ஊராக இருந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டியிருப்பார். அறுபத்து நாலாம் வருஷத்துப் பம்பாய்த் தாராவியில் ஓலைக்கு எங்கே போவது? பூலோகம் மாமா பெட்டிப் பலகையும் கோணியும் கொண்டுவந்து, ஒற்றை அறையின் மூலையில், வயதுக்கு வந்த பேராச்சியை அடைத்தார். பலகை இடுக்கை மறைக்கக் பழைய சாமான் விற்கும் கபாடிக் கடையிலிருந்து பெரிய படம் ஒன்றையும் வாங்கிவந்து உள்பக்கம் ஒட்டினார். வட்டத்துக்குள் வட்டமாகச் சிவப்பும் மஞ்சளும். மங்களமான கோலம் என்று நினைத்துக்கொண்டார், எழுத்து வாசனை இல்லாத மனிதர்.

அது பூமியை அறுத்துக் காட்டும் பள்ளிக்கூடப் படம்; ஓரத்தில் மலைகள் உண்டான விதமும் எழுதியிருந்தது.

பேராச்சிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. ஏழாம் வகுப்புப் பரீட்சை அந்த வாரம்தான். "பெரிய மனுசி ஆயாச்சுல்லா, இனி என்ன பள்ளிக்கூடம்?" என்று அம்மா சொர்ணம்மாள் முடித்துவிட்டாள். மாமா மகனுக்குத்தான் அவள் என்று பேச்சு வேறு. காலை நீட்டினால் பலகை இடிக்கும். ஆண்குரல் கேட்டால் மூச்சை அடக்க வேண்டும். வேறு என்ன செய்வாள்? படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மாட்டுங்காவிலிருந்து அவள் வகுப்பு அம்மிணி டீச்சர் தேடி வந்தார். "பரீட்சையை வாயாலயே கேட்டுடறேன். பாஸானா எட்டாங்கிளாஸுக்கு அனுப்புவேளா?"

"அவ மாமன் சரின்னா சரி" என்றாள் சொர்ணம்மாள். மாமா வாசலில்தான் நின்றார்.

டீச்சர் கோணிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தார். "பூமிக்குள்ளே என்னடி இருக்கு?"

"மேல மெல்லிசா ஒரு ஓடு, டீச்சர். நாம அதுலதான் இருக்கோம். அதுக்குக் கீழ ரொம்ப ஆழத்துக்குச் சூடான பாறை. நட்டநடுவுல இரும்பு. வெளிப்பக்கம் உருகிக் கெடக்கு, உள்ள கெட்டி."

"மலை எப்படி வரது?"

"அடுக்கடுக்காப் படிஞ்ச பாறைய ரெண்டு பக்கமும் நெருக்கும். பாயத் தள்ளினா நடுவுல மடிஞ்சு எந்திரிக்கும்லா, அப்படி. கோடிக்கணக்கான வருசம் ஆவும். இமயமலை அப்படித்தான். இந்தப் பக்கத்து மலையெல்லாம் நெருப்புக் குழம்பு வழிஞ்சு ஒறஞ்சது."

"கிளாஸ்ல ஒருத்தியும் இப்படிச் சொல்லலை. பாஸ்!" என்றார் டீச்சர்.

பேராச்சி கோணியோடு காதை ஒட்டினாள். மாமா என்ன சொல்லப்போகிறார்?

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியளா! பள்ளிக்கூடம் போற பிள்ளையளுக்குத் தெரியாதது எம் மருமவளுக்கு மூலையில இருந்தே வந்துட்டு. பொறவு பள்ளிக்கூடம் எதுக்கு?"

சொர்ணம்மாளும் தலையை ஆட்டினாள்.

கோணி விலகியது. தீட்டுக் கழியாத பெண், கலைந்த தலையோடு மாமன் முன்னால் வந்து நின்றாள். "ஏளா, உள்ள போ!" என்று அம்மா அலறினாள். பேராச்சி போகவில்லை.

"நான் எட்டாப்புக்குப் போறேன், மாமா" என்றாள்.