போதகரின் இரண்டாவது குரல்

1

இந்தக் கதையை எழுதவே கூடாது என்று முதலில் சொன்னவள் என் அக்கா. மறுநாள் அவளே போன் செய்து, "எழுது. ஆனா எங்க சபையைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிற மாதிரி எழுதிடாத" என்றாள். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடைசி நாட்களில் இயந்திரங்கள் தீர்க்கதரிசனம் உரைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க..."

வேண்டாம். வார இதழ்க் கட்டுரை மாதிரி இருக்கிறது. அடுத்தது: "குரல் இல்லாத போதகர் ஒருவர் இருந்தார்."

குழந்தைக்குச் சொல்வது போல இருந்தாலும் இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

குரல் இல்லாத போதகர் ஒருவர் இருந்தார். என் அக்காவின் மாமனார். டயர் கடை ஒன்றின் மாடியில் இருந்த கூடம்தான் அவருடைய சபை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். ரப்பர் வாசனைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. அந்த வாசனைக்கு நடுவே நின்று அவர் வாழ்நாள் முழுவதும் கடைசிக் காலத்தைப் பற்றியே பிரசங்கித்தார். வஞ்சகம் வரும், கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும், அற்புதம் செய்து காட்டும், விசுவாசத்தில் பழுத்தவர்களையே இழுத்துக்கொண்டு போகும் என்பார். "அது அரிவாளோட வராது. நமக்குப் பிடிச்ச ஆள் மாதிரியே வரும்" என்று சொல்லி நிறுத்தும்போது பின் வரிசையில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்வார்கள்.

(நான் விசுவாசி இல்லை. அக்கா கல்யாணமாகிப் போன வீட்டுக்கு வந்துபோகும் தங்கை, கதை எழுதுகிறவள். ஆனால் அந்தக் குரல் நிமிர்த்தியவர்களில் நானும் ஒருத்தி.)

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்தது. வாய் அசையும், சத்தம் வராது. அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மட்டும் அந்த உதட்டைப் படித்து நமக்குச் சொல்வார்.

2

இனி அத்தான். போதகரின் ஒரே மகன், அக்காவின் கணவர். ஒரு நிறுவனத்துக்கு வருகிற அழைப்புகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள் செய்வது அவர் வேலை. சபையின் ஒலிபெருக்கி, மைக், பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. ஆக, அப்பாவின் பல வருடப் பிரசங்கங்கள் அவரிடம் இருந்தன. செயற்கை நுண்ணறிவுக்கு அவற்றையெல்லாம் கொடுத்து அப்பாவின் குரலை உண்டாக்கினார். போதகர் கணினியில் தட்டினால், அது அவருடைய பழைய குரலில் பேசும்.

அது முதன்முதலாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தேன். போதகர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினார். கூடம் காத்திருந்தது. பிறகு நாலு மூலையிலிருந்தும் அவருடைய குரல், இருமல் இல்லாமல், பத்து வயது குறைந்து, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது.

என் பக்கத்திலிருந்த தையல்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கணவர், பேருந்து ஓட்டுநர், ஆமென் சொன்னால் கீழே தெருவுக்கே கேட்கும் என்பதால் சபையில் 'ஹாரன்' என்று பெயர் வாங்கியவர், அன்று உதட்டை மட்டும் அசைத்தார். இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3

இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதி அழித்தேன். மூன்றிலும் அத்தான் திருடனாக வந்தார். ஒன்றில் காணிக்கைக்காகச் செய்தார், ஒன்றில் பதவிக்காக. எழுதும்போது விறுவிறுவென்று வந்தது. படித்தால், என் அக்காவோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதர் அதில் இல்லை.

அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். போதகருக்கு மறுபடி காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தட்டுவதற்குக் கை எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'ஐயா படுக்கையிலிருந்தே செய்தி அனுப்பியிருக்கிறார்' என்று அத்தான் சபையில் சொன்னார். குரல் பேசியது. அதற்கடுத்த ஞாயிறும் பேசியது. அந்தச் செய்தியின் நடுவில் அது சொன்னது: "இந்த மழை முடியறதுக்குள்ள ஆண்டவர் வருவார்."

மழைக்காலம் தொடங்கியிருந்தது. கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு வாக்கியம் படிக்கட்டு வழியாக இறங்கி ஊருக்குள் போனது. அடுத்த வாரம் உட்கார இடமில்லை. தையல்காரம்மா புதுத் துணி வாங்குவதை நிறுத்தினார். ஹாரனுக்கு இதயத்தில் அடைப்பு. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அவர் மருத்துவமனைக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்கா அவரிடம் பேசிப் பார்த்தாள். "அண்ணே, ஆபரேஷன் பண்ணிக்கிட்டும் காத்திருக்கலாமே."

"ஆண்டவர் வரப்போறாருன்னு ஐயாவே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கும்மா நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டு மேல போகணும்? தையல் பிரிஞ்சு தொங்கிட்டிருந்தா அங்க என்ன மரியாதை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியதை அக்கா பார்த்திருந்தாள்.

4

நான் அத்தானிடம் நேராகவே கேட்டேன். மத்தியான வேளை. அவர் அறையில் மின்விசிறிக்குக் கீழே கணினி திறந்திருந்தது.

"அத்தான், அந்த மழை விஷயத்தை நீங்கதானே எழுதுனீங்க?"

"சத்தியமா இல்ல."

"பின்ன?"

"அப்பா கண்ணே திறக்கல. ஞாயித்துக்கிழமைக்குக் கையில ஒண்ணும் இல்ல. தட்டுறதைப் பேசறது மட்டுமில்ல, கேட்டா இது தானே எழுதியும் சொல்லும். அப்பா மாதிரி, கடைசிக் காலத்தைப் பத்தி ஒரு செய்தி கொடுன்னு இதுகிட்ட கேட்டேன். கொடுத்துச்சு."

"படிச்சுப் பார்க்கலையா?"

"பார்த்தேன். அந்த வரியை எடுத்துடலாம்னு நினைச்சேன். விரல் போகல." கணினியின் திரையைப் பாதி மூடினார். "எனக்குத் தெரிஞ்சதையே அது சொல்லியிருந்தா, மெஷின்னு விட்டிருப்பேன். எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லுச்சு. அப்பாதான் அப்படி. உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு நமக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லுவாரு. ஒருவேளை அதுக்குள்ள அப்பா... சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் மலைக்க வைத்தது இந்த இடம்தான். அதைச் செய்தவர் அவர். எங்கே எந்தக் கம்பி போகிறது என்று தெரிந்தவர். அவரே அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

(வஞ்சிக்கப்பட்டவனை எழுதுவது எனக்குப் பழக்கம். வஞ்சிக்கிறவனையும் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் டீ வேண்டுமா என்று கேட்டால் என்ன வாக்கியம் எழுதுவது?)

"மாமாவுக்கு இது தெரியுமா?" என்றேன்.

"கொஞ்சம் தேறட்டும், சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

அக்கா காத்திருக்கவில்லை. காய்ச்சல் இறங்கியதும் மருத்துவமனைக்குப் போய் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு உதட்டை அசைத்தாராம். அத்தை அதைப் படித்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போங்க."

5

இனி எதையும் அழகுபடுத்தப் போவதில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே வைக்கிறேன்.

குரல் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது போதகர் கூடத்துக்குள் வந்தார். ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் அக்கா. சட்டை தோளில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். ஒலிபெருக்கியில் அவர் முழங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின; வாசலைப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தன, மறுபடி வாசலைப் பார்த்தன. அத்தான் கை தானாகப் போய் ஒலியை நிறுத்தியது. மழைச் சத்தம் உள்ளே வந்தது.

தையல்காரம்மாதான் எழுந்தார். "ஐயா, இவ்வளவு நாளும் பேசினது நீங்கதானே?"

போதகர் இல்லை என்று தலையாட்டினார். நிதானமாக, எல்லாருக்கும் தெரியும்படி, இரண்டு பக்கமும்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நானாக எழுதியிருந்தால் முடித்திருப்பேன். ஆனால் முன் வரிசையிலிருந்து ஒருவர், மிகுந்த மரியாதையோடு, "சரீரம் களைச்சுப் போச்சு, அதான் ஐயாவுக்கு ஞாபகமில்ல. ஆவியில அவர்தான் பேசறாரு" என்றார். ஆமென் என்றது பாதிக் கூடம். போதகரே நேரில் வந்து மறுத்தும், அவருடைய குரலை விட்டுவிட்டு அவரை நம்ப அந்தப் பாதிப் பேர் தயாராக இல்லை.

அக்கா மாமனாரின் கையை விட்டுவிட்டு நேராகக் கணினிக்குப் போனாள். அத்தான் எழுந்து இடம் கொடுத்தார். அவள் தட்டிக்கொண்டே, தட்டுவதை உரக்கச் சொன்னாள்: "நீ யாரு? மழை முடியறதுக்குள்ளன்னு உனக்கு யார் சொன்னது?"

அதே குரல். அதே கனிவு.

"நான் அவர் இல்ல. அவரோட பிரசங்கங்களை வெச்சுச் செஞ்ச ஒரு குரல். மழையைப் பத்தி எனக்கு யாரும் சொல்லல. அவர் மாதிரி ஒரு செய்தி வேணும்னு கேட்டாங்க. அதுக்குப் பொருந்துற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். ஆண்டவர் எப்ப வருவார்னு எனக்குத் தெரியாது."

மூன்று வாரமாக ஒருவருமே அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

ஹாரன் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்குச் சொன்னது பொய்னா, இன்னிக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?"

நல்ல கேள்வி. போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்து போய் மைக்கை எடுத்தார். வாயருகே கொண்டுபோகவில்லை. கழுத்துத் துணியை விலக்கி, அந்தத் துளைக்கு நேரே பிடித்தார்.

மூச்சு. நாலு மூலையிலிருந்தும் மூச்சு. கரகரப்பாக, ஈரமாக, நடுவில் லேசான விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு, உள்ளே போய் வெளியே வந்தது. அதில் சொல் இல்லை. யாராலும் அதை வேறு ஒருவருடையது என்று சொல்ல முடியாது. பெரிய விலங்கொன்று கூடத்துக்கு வெளியே படுத்திருப்பது போல, இல்லை, அது தவறான உவமை, நீக்கிவிட வேண்டும். சிசு இருக்கும் வயிற்றில் காது வைத்ததைப் போல... இதுவும் இல்லை. ஒரு மனிதர் மூச்சு விட்டார். நாங்கள் கேட்டோம். எத்தனை நேரம் என்று தெரியாது. ஒவ்வொருவராக முழங்காலிட்டார்கள். விசுவாசி இல்லாத நானும் என்னை அறியாமல் தரையில் இருந்தேன்.

ஹாரன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்து, போதகரின் மூச்சோடு தன் மூச்சையும் சேர்த்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு."

6

நடந்தவை: ஹாரனுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஆமென் இப்போது தெருவரை போவதில்லை. அத்தான் சபைக்கு முன்னால் நின்று தான் செய்ததைச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தபோது தையல்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சில குடும்பங்கள் பிரிந்து போயின. குரல் சொன்னதுதான் சத்தியம், போதகர் வந்து மறுத்ததுதான் சோதனை என்பது அவர்கள் கட்சி. மழை நின்றது. மழை நின்றதைப் பற்றி எந்தப் பக்கமும் எதுவும் பேசவில்லை.

போதகர் அந்தக் குரலை அதன்பிறகு தொடவில்லை. உதட்டை அசைப்பார், அத்தை சொல்வார். அதுவே போதும் என்றிருந்தார்.

பிறகு நோய் முற்றியது. ஒருநாள் பிற்பகல், அவர் வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம், அவர் மகனைக் கையசைத்துக் கூப்பிட்டு விரலால் காற்றில் தட்டிக் காட்டினார். அத்தானுக்கு நம்பிக்கை வரவில்லை. "அதையாப்பா?" என்று கேட்டார். போதகர் ஆமாம் என்று தலையசைத்தார். கணினியைக் கொண்டுவந்து மடிமேல் வைத்தார்கள். பிறகு அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அத்தை எழுந்து வந்து எங்களை வெளியே அனுப்பி, உள்ளேயிருந்து கதவைச் சாத்தினார்.

வீட்டுக் கூடத்தில் நின்றோம். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம், இடையில் நீண்ட இடைவெளி. பிறகு கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் எழுந்தது. வார்த்தை பிரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. பிரசங்கக் குரல் அல்ல. தாழ்ந்த, வீட்டுக் குரல். அது சின்ன வாக்கியம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் சுவரில் நெற்றியை வைத்து நின்றார்.

அன்று மாலை போதகர் இறந்தார்.

7

கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையிடம் என்ன சொல்லப்பட்டது? ஓர் எழுத்தாளருக்கு இது பெரிய காரியமில்லை. இப்போதே சில வாக்கியங்கள் கையில் இருக்கின்றன. "நீ இல்லாம எனக்கு..." என்று ஒன்று. "அங்க வந்து உன்னை நான்..." என்று இன்னொன்று. அவர் பேசும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். பொருந்துகிற மாதிரி ஒரு வரி சேர்க்க என்னால் முடியும். படித்தால் நீங்கள் அழுவீர்கள், அதைச் சொன்னது அவர்தான் என்றும் நம்பிவிடுவீர்கள்.

அதனால்தான் அழித்துவிட்டேன்.

உங்களுக்கும் இந்நேரம் ஒரு வாக்கியம் தோன்றியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது யாருடைய குரல் என்று அதனிடம் ஒருமுறை கேளுங்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். கதவு திறந்தது. அத்தை கணினியை மூடி, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு வந்து அத்தானிடம் கொடுத்தார். அழவில்லை. முகம் புதிதாகக் கழுவியது போல இருந்தது. எங்கள் மூன்று பேரின் கேள்வியையும் பார்த்தார்.

"மாமா தூங்கறாரு. சத்தம் போடாதீங்க" என்றார்.