உர்ஷா வீட்டு வாசற்படி

யெர்னேயின் சவப்பெட்டி நான்கு வருஷம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இட்ரியா என்ற மலையூரின் பாதரசச் சுரங்கத்தில் பதினேழு வருஷம் உழைத்து, பாதரச நஞ்சேறி, கைகால் நடுக்கம் கண்டு செத்தவன் அவன். பெட்டியை வாசற்படியில் மூன்று முறை வைத்து எடுப்பது அங்கே வழக்கம். செத்தவர் வீட்டிடம் விடைபெறுவதாக அர்த்தம். மூன்றாம் முறை வைத்தபோது, சுரங்கத்து ஜெர்மன் மேற்பார்வையாளர் யெர்னேயின் விளக்கையும் சுத்தியலையும் வாங்கிப்போக வந்து நின்றார். வழியை மறித்த பெட்டியைப் பார்த்து "ட்ரெக்" என்றார். அசிங்கத்துக்கு அவர்கள் பாஷையில் அப்படிப் பெயர். யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. ஆனால் அவர் மூஞ்சியே அர்த்தத்தைச் சொல்லிவிட்டது. சொன்ன வார்த்தை படியிலேயே உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புச் சகதியாக விழுந்தது. அப்புறம் எட்டுப் பேர் சேர்ந்தும் பெட்டியை வெளியே நகர்த்த முடியவில்லை. உள்ளே தூக்கிவர இரண்டு பேர் போதுமாயிருந்தது.

சாம்பல், சுண்ணாம்பு, பாதிரியாரின் தீர்த்தம், எதற்கும் சகதி மசியவில்லை. பிணம் நாறவுமில்லை, உயிரோடு இருந்தபோது நடுங்கிய மாதிரியே பெட்டிக்குள் நடுங்கியது. பலகை கடகடப்பதைக் கேட்டுக்கொண்டே அவன் மனைவி உர்ஷா கஞ்சி காய்ச்சினாள். பாவம், வேறு எங்கே போவாள்?

வண்டிக்காரன் பிளாஷ், ஸாக்ரெப் நகரத்துச் சத்திரம் ஒன்றில் இந்தக் கதையைச் சொன்னான், வார்த்தையையும் சொன்னான். அன்றைக்கே உர்ஷாவின் படியில் நகத்தளவு சகதி குறைந்தது. சத்திரத்து வாசலில் அதே அளவு கறுப்பு விழுந்தது. அவன் திரும்பி வந்து அதைச் சொன்னதும் உர்ஷா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, போற ஊர்லெல்லாம் அதைச் சொல்லிட்டு வாங்க, புண்ணியமாப் போகும்."

"ஐயே, வாயில வைக்கவே குமட்டுது, தாயி."

"என் புருஷன் மேல வந்து விழுந்ததைத் தினம் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். உங்களுக்குக் குமட்டுதாக்கும்!"

பிளாஷ் தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டான். அவனும் மற்ற வண்டிக்காரர்களும் வார்த்தையைக் கடற்கரைக்கும் ஹங்கேரிச் சந்தைகளுக்கும் கொண்டுபோனார்கள். அங்கேயுள்ளவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாடு மிதித்தாலும், சீட்டில் தோற்றாலும், வேண்டாத மருமகன் வந்தாலும் அதையே சொன்னார்கள்.

நாலாம் வருஷம் படியில் பயறளவு மட்டும் மிஞ்சியது. அது யார் சொல்லியும் கரையவில்லை. உர்ஷா ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போனாள். அவருக்கும் இப்போது நடுக்கம். கரண்டி வாய்க்கு எட்டாமல் கஞ்சி மார்பில் வழிந்தது. உர்ஷா வாசற்படியிலேயே நின்றாள். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னாள், பயறளவு கறுப்பு அவர் படியில் விழுந்தது. அவர் அழுதார்.

மறுநாள் யெர்னேயை அடக்கம் செய்தார்கள். நான்கு பேர் தூக்கினார்கள், கனமே இல்லை.

அடுத்த மாதம் மேற்பார்வையாளர் செத்தார். அவருடைய பெட்டி வாசலைத் தாண்டவில்லை. அவர் மனைவி படியில் நின்று, போவோர் வருவோரையெல்லாம் பார்த்துக் கைகூப்பி, ஜெர்மனில் என்னவோ கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். ஊருக்குத் தெரிந்த ஜெர்மன் அந்த ஒரே ஒரு வார்த்தைதான். அதனால் எல்லாரும் அவளைத் தாண்டி நடந்துபோகிறார்கள்.