கையைக் கட்டிக்கொண்டு ஆடியவள்

மங்களேஸ்வரியை அணியில் சேர்த்தது அவளுடைய உயரத்துக்காக மட்டும்தான். அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. 1965ஆம் ஆண்டு முதலாம் தவணையில் அவள் இரத்தோட்டையிலிருந்து மாத்தளையிலிருந்த எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். ஐந்தடி ஒன்பது அங்குலம். காலைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றாலும் மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது அவள் தலைதான். விளையாட்டு ஆசிரியை மிஸிஸ் ஜயசிங்க அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, கூடைப்பந்து ஆடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். ஆடுவாயா என்று கேட்டார். ஆடுவேன் என்றாள்.

நான் ஜுனைதா. அவளுக்கு ஒரு வகுப்பு மேலே. மாத்தளைப் பெரிய வீதியில் இரும்புக்கடை வைத்திருந்த அப்துல் ஸமதின் மகள். அணியில் அப்போது நான்தான் முதல் ஆட்டக்காரி. சட்டைக்குக் கீழே நீளக் காற்சட்டை போட வேண்டும், வெளியூர் மேட்சுக்குச் சாச்சா கூட வருவார் என்ற இரண்டு நிபந்தனைகளோடு வாப்பா என்னை ஆட விட்டிருந்தார். யாராவது குறை சொன்னால், பிள்ளை பந்தைத்தானே துரத்துகிறாள், வேறு எதையும் துரத்தவில்லையே என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

முதல் மாதம் மங்களேஸ்வரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பந்து வரும்போது அவள் கை ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும். பந்தைத் தட்டிக்கொண்டு நாலு அடி போனால் ஐந்தாவது அடியில் அது அவள் பாதத்திலேயே பட்டு வெளியே உருளும். கமுகமரம் என்று அவளுக்குப் பட்டம் வைத்தது நான். அவள் காதில் விழுந்தது. கமுகமரம் நேராகத்தானே நிற்கும் என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கப் போய்விட்டாள்.

அவளுடைய முதல் மேட்ச் ஆடி மாதம் கண்டியில் நடந்தது. எட்டே நிமிடத்தில் ஐந்து ஃபவுல். ஐந்து செய்தால் வெளியே போக வேண்டும். அவள் போய் ஓரத்து மரவாங்கில் உட்கார்ந்தாள். நாங்கள் இருபது புள்ளிக்கு மேலே தோற்றோம். திரும்பி வர பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அவள் என்னிடம் வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அழுத அடையாளமே இல்லை.

"அக்கா, அந்த அஞ்சு ஃபவுலும் என்னென்னன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. நான் என் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கவனிக்கவே இல்லை. தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், நீ எல்லாரையும் இடிக்கிறாய் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நடுவரிடம் நேராகப் போனாள். அவர் கண்டியைச் சேர்ந்த ஒரு சிங்கள வாத்தியார். பதினைந்து வயதுப் பிள்ளை, எட்டு நிமிடத்தில் தன்னை வெளியே அனுப்பிய மனிதரின் முன்னால் போய் நின்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கியும் இறக்கியும் விளக்கினார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஐந்து ஃபவுலும் வேறு வேறு இல்லையாம். ஒன்றே ஒன்றுதானாம். அவள் ஒவ்வொரு தடவையும் பிந்தித்தான் போய்ச் சேர்கிறாளாம். பிந்திப் போகிறவளுக்குக் கையை நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கை எதிரியின் கையில் விழுகிறது.

"அப்படீன்னா கோளாறு கையில இல்லக்கா, காலுல," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் வைத்து எதிரியை மறிக்கப் பழக வேண்டும் என்பது அவளாகக் கண்டுபிடித்த முறை. மிஸிஸ் ஜயசிங்கவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் நாலரைக்குப் போய்விடுவார்கள். இரத்தோட்டை பஸ் ஐந்தேகாலுக்கு. அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவளுக்கு ஓர் எதிரி வேண்டியிருந்தது. என்னைக் கேட்டாள். நான் சம்மதித்தது அவள் மேலுள்ள பிரியத்தால் அல்ல. அவளைத் தாண்டிப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாளைக்கு இருபது தடவை. நான் பந்தைத் தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கிப் போவேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து என் முன்னால் வந்து நிற்கப் பார்ப்பாள். முதல் வாரம் இருபதுக்கு இருபதும் தாண்டினேன். இரண்டாம் மாதம் பதினெட்டு. அவள் கையூன்றாமல் விழுவாள், முழங்காலெல்லாம் சீமெந்துத் தரை தோலை உரித்துவிடும். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, இன்னொரு தடவை என்பாள். தோட்டத்து லொறி ஓட்டும் அவளுடைய அப்பா நல்லையா ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன தண்டனை என்று என்னிடம் கேட்டார். தண்டனை இல்லை, விளையாட்டு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மார்கழியில் பதினொன்று. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ண எனக்கு விருப்பமில்லை.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள். நான் வலது பக்கம் போக்குக் காட்டி இடது பக்கம் திரும்பினேன். அங்கே அவள் நின்றாள். திரும்பவும் வலது பக்கம் போனேன். அங்கேயும் நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. தோளைக் கொடுத்து நேராக அவள் நெஞ்சில் மோதினேன். அவள் மல்லாந்து விழுந்தாள். கை அப்போதும் பின்னால்தான் இருந்தது. விழுந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"இது ஒங்க ஃபவுல்க்கா."

அது சரிதான். அவள் எனக்கு முன்பே வந்து நின்றுவிட்டாள். நான்தான் பிந்தியவள். பந்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் பயிற்சிக்குப் போகவில்லை. தலைவலி என்று உம்மாவிடம் சொன்னேன். உண்மையில், நானே இத்தனை மாதமாக உட்கார்ந்து எனக்கு ஓர் எதிரியைச் செய்து முடித்திருக்கிறேன் என்ற எண்ணம் என்னைத் தின்றது. நாலாம் நாள் போனேன். மற்றவர்களைத் தாண்டுவது எனக்கு அதற்குள் அலுத்துப்போயிருந்தது. அவளைத் தாண்டினால்தான் தாண்டியது போல இருந்தது. நான் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாகக் கையை அவிழ்த்துக்கொண்டு ஆடினாள். இருபதில் நாலு தடவைதான் என்னால் தாண்ட முடிந்தது.

மறிப்பதற்குப் பழகியவளுக்குப் பந்தை வளையத்தில் போடுவது மட்டும் படியவில்லை. வளையத்துக்கு அடியில் நின்றால் போடுவாள். தூரத்திலிருந்து தலைக்கு மேலே தூக்கி எறிந்தால் பந்து எங்கேயோ போகும். ஃபவுல் செய்யப்பட்டவருக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் பத்துக்கு மூன்று விழுந்தால் அதிகம். அதற்கும் அவளே ஒரு வழி கண்டாள். பந்தை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலுக்கு இடையில் தாழ்த்தி, அடியிலிருந்து மேலே வீசினாள். கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவது போல இருக்கும். பார்க்க அசிங்கம். எங்கள் பிள்ளைகளே வெட்கப்பட்டார்கள். அப்படி எறியாதே, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நானும் சொன்னேன். விழுகிறதா இல்லையா என்று கேட்டாள். விழுந்தது. பத்துக்கு எட்டு விழுந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

1967இல் நான் தலைவி. எனக்கு அது கடைசி வருடம். மாகாணக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம்வரை வந்தோம். மாத்தளையிலிருந்து ஒரு பெண்கள் அணி அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. எதிரே கண்டிக் கல்லூரி ஒன்று. அவர்களுடைய மைதானம், அவர்களுடைய சனம்.

முதல் பாதியில் அவர்கள் என்மேல் இரண்டு பேரைப் போட்டார்கள். நான் எங்கே திரும்பினாலும் ஒருத்தி முன்னால், ஒருத்தி பக்கத்தில். ஆனாலும் நான் விடவில்லை. நானே எறிந்தேன், நானே தவறவிட்டேன். மூன்று வருடமாக இந்த அணியின் புள்ளிகளெல்லாம் என் கையால்தான் வந்தன. அன்றைக்கும் அப்படியே வரும் என்று நம்பினேன். இடைவேளையில் நாங்கள் பதினொன்று, அவர்கள் இருபது.

மிஸிஸ் ஜயசிங்க எலுமிச்சைத் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, யோசித்து ஆடுங்கள் என்று மட்டும் சொன்னார். மங்களேஸ்வரி என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, ஒங்களை ரெண்டு பேர் பாக்குறாங்க. அப்படீன்னா எங்கள்ள ஒருத்தியை யாருமே பாக்கல்ல. பந்தை எனக்குத் தாங்க. அவங்க என்கிட்ட வந்தா நான் ஒங்களுக்குத் திருப்பித் தாரேன்."

"நீ விட்டேன்னா?"

"விட மாட்டேன்."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பஸ் ஐந்தேகாலுக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. அவள் சொன்னது சரி என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது. தலைவியாக இருந்த அந்த வருடத்தில் நான் எடுத்த முடிவு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதை அந்த எலுமிச்சைத் துண்டு வாயில் இருக்கும்போது எடுத்தேன்.

இரண்டாம் பாதியில் பந்து என் கைக்கு வந்ததும் அவளுக்குப் போட்டேன். வளையத்துக்கு அருகில் அவளைத் தடுக்க அவர்களுக்கு உயரம் போதவில்லை. கையைப் பிடித்தார்கள், தள்ளினார்கள். நடுவர் ஊதினார். மங்களேஸ்வரி ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, பந்தைத் தாழ்த்தி, அடியிலிருந்து வீசினாள். கண்டிச் சனம் வாய்விட்டுச் சிரித்தது. யாரோ வாளி வாளி என்று சிங்களத்தில் கத்தினார்கள். விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அடுத்த ஃபவுலுக்கும் சிரித்தார்கள். ஐந்தாவது ஃபவுலுக்கு யாரும் சிரிக்கவில்லை. பதினாலு எறிந்ததில் பதினொன்று விழுந்தது. அது போக நாலு கூடை. என்மேல் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி அவளிடம் ஓடியபோது, சொன்னபடியே பந்து திரும்பி எனக்கு வந்தது. இரண்டு தடவை வந்தது, இரண்டையும் போட்டேன்.

அந்தப் பாதி முழுவதும் அவர்களுக்குக் கிடைத்தது எட்டுப் புள்ளி. வளையத்தை நோக்கி யார் வந்தாலும் அங்கே இவள் முதலிலேயே நின்றாள். முப்பத்துநாலுக்கு இருபத்தெட்டு. கிண்ணத்தை வாங்க நான்தான் மேடைக்குப் போனேன். கூட வா என்று அவளைக் கூப்பிட்டேன். தலைவிதானே வாங்க வேண்டும் என்று சொல்லி வரவில்லை. அவளுக்கு அது பணிவு இல்லை, ஒழுங்கு.

நான் படிப்பை முடித்து, நுஹ்மானைக் கல்யாணம் செய்து யட்டவத்தைக்குப் போனேன். மங்களேஸ்வரிக்குக் கண்டியில் ஒரு தனியார் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர் வேலை கிடைத்தது. கம்பனிக்கு ஓர் அணி இருந்தது. 1969இல் மதராஸுக்குப் போக இருந்த இலங்கைப் பெண்கள் அணிக்கு ஆட்களைத் தெரிவுசெய்தார்கள். அவள் பெயர் பட்டியலில் மூன்றாவது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவளுக்குப் பிரஜாவுரிமை இல்லை. இரத்தோட்டையில் பிறந்தவள், அவள் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். ஆனாலும் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல அவர்களும் எந்த நாட்டுக்காரரும் இல்லை. நல்லையா எழுதிப் போட்ட விண்ணப்பம் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. அவளுடைய இடத்தில், பட்டியலுக்கு வெளியே நின்ற ஒருத்தி மதராஸுக்குப் போனாள்.

செய்தி கேட்டு நான் கண்டிக்குப் போனேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவள் கம்பனி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. இரண்டு நாள் வேலைக்கு வரவில்லையாம். தான் அழுததை அவள் மறைக்கவில்லை.

"கடுதாசி வாரப்ப வரட்டும்க்கா. எனக்குப் பத்தொம்பது வயசுதானே. அது வாரதுக்குள்ள நான் தூரத்திலயிருந்து போடப் பழகிக்கிறேன். அது ஒண்ணுதான் எனக்கு இன்னும் வராம இருக்கு."

நான் தேற்றப் போனவள். அவள் எனக்குப் பயிற்சி நேரத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். காலையில் ஆறிலிருந்து ஏழுவரை, கம்பனி மைதானத்தில், ஒவ்வொரு நாளும் நூறு தடவை, ஒவ்வொரு வாரமும் ஓரடி பின்னால் தள்ளி.

கடுதாசி வர மூன்றரை வருடம் ஆனது. இதற்கிடையில் நல்லையா நாலு தடவை கொழும்புக்குப் போய் வந்தார். கடைசித் தடவை மங்களேஸ்வரியும் போனாள். வரிசையில் அவள் முறை வந்தபோது, மேசையில் இருந்த அலுவலர் அவளை அண்ணாந்து பார்த்து, இவ்வளவு உயரம் எதற்கு என்று வேடிக்கையாகக் கேட்டாராம். நாட்டுக்காக ஆடுவதற்கு, நீங்கள் கையெழுத்து வைத்தால் என்று அவள் சொன்னாளாம். 1973 தொடக்கத்தில் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்த வருடம் திரும்பவும் மதராஸுக்குப் போகும் அணிக்குத் தெரிவு நடந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு போட்டி போட்டு, பட்டியலில் முதல் பெயராக அவள் வந்தாள். தூரத்திலிருந்து எறிந்த பத்தில் ஏழு விழுந்ததாகத் தெரிவுக்குழுவில் இருந்த மிஸிஸ் ஜயசிங்க எனக்கு எழுதினார்.

மதராஸில் மூன்று ஆட்டம். இரண்டில் வென்றார்கள். பேப்பரில் படம் வந்தது. நடுவில் இவள் நிற்கிறாள், மற்றவர்கள் இவள் தோளளவுக்கு. கீழே பெயரை மகேஸ்வரி என்று தப்பாகப் போட்டிருந்தார்கள். நல்லையா அந்தப் பேப்பரில் ஐந்து பிரதி வாங்கி, ஐந்திலும் நீல மையால் பெயரைத் திருத்தி, ஒன்றை யட்டவத்தைக்கு எனக்குக் கொடுத்தனுப்பினார்.