கொத்திவிட்ட சரிவு

முகம் தெரிந்தது, அதுதான் முதலில் உறைத்தது, வலி அப்புறம்தான், சரிவின் அடியில் ஒருக்களித்து விழுந்து கிடந்தவளின் கண்ணுக்கு எதிரே அவள் முகமே, மூக்குத்தி உட்பட, வெள்ளைச் சுண்ணாம்பில்... பாவி, இப்படியா தேய்ப்பான், ஏம்பலத்துப் படிப்பகத்துக்கு, அதுவும் ஊர்ந்து போகிறவளுக்கென்று கட்டிய சரிவை. ஆமாம், விருத்தாம்பாள் ஊர்ந்துதான் போவாள், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது, மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடுப்புக்குக் கீழே இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது, மிச்சமிருந்த இரண்டு கைகளிலும் மரக்கட்டையைப் பிடித்து ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னால் போட்டு, மறுபடி ஊன்றி... லாரி டயரைத் துண்டு போட்டுக் கோணியில் தைத்து அடியில் கட்டியிருக்கிறாள், மண் ரோடு, வரப்பு, கரும்புச் சோகை கொட்டிய களம், எதில் வேண்டுமானாலும் போய்விடுவாள், இந்தக் கண்ணாடியில் மட்டும் கட்டை நிற்கவில்லை. பாதி ஏறியிருந்தாள், இரண்டு கட்டைகளும் ஒரே நேரத்தில் விலகின, அவ்வளவுதான், ஒரே இழுவையில் கீழே. முழங்கை எரிந்தது. கொத்தனார் குழந்தைவேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இன்னாத்துக்குண்ணே இப்படி மெழுகின என்று கேட்டதற்கு அவனுக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது. “உனக்குன்னுதான் தங்கச்சி மெழுகினேன். கடுக்காத் தண்ணி, வெல்லம், முட்ட வெள்ளக்கருவு, கூழாங்கல்லு வெச்சு தேய்ச்சு தேய்ச்சு... மேரு வூட்டு கூடத்தகூட நான் இப்படித் தேய்க்கலயே.” நிஜம்தான், அவன் பொய் சொல்கிறவன் இல்லை, மரியாதை செய்திருக்கிறான், இந்த ஊரில் ஒருத்தருக்கு மரியாதை என்றால் வழவழப்பாகத் தேய்த்துக் கொடுப்பது, அந்த மரியாதைதான் இப்போது தன்னைக் கீழே தள்ளியிருக்கிறது என்று நினைத்தாள், சிரிப்புகூட வந்தது, சிரித்தால் விலா வலித்தது.

இன்றைக்கென்று பார்த்தா... விளக்கு வைப்பதற்குள் கொம்யூன் தலைவர், மேர், சாவியைக் கொடுக்க வந்துவிடுவார். பிரெஞ்சுக்கொடி இறங்கி நாலு வருஷம் ஆகிறது, ஆனாலும் மேர் மேர்தான், நெட்டப்பாக்கம் கொம்யூன் ஆபீசில் அதே நாற்காலி, அதே மனுஷன். ஊருக்குப் படிப்பகம் என்று அறிவித்து, அதில் ஒரு ரேடியோ என்றும் அறிவித்தபோது, அதைத் திறந்து மூட, பேப்பரைப் படித்துச் சொல்ல, ரேடியோவைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும் என்றபோது, நான் செய்கிறேன் என்று போய்க் கேட்டவள் இவள்தான், மளிகை கட்டி வந்த தாளைக்கூட விடாமல் படித்துப் படித்து எழுத்தைக் கரைத்துக் குடித்தவள், ஊரில் இவளைப்போல் பேப்பரை நிறுத்திப் படிக்க யார் இருக்கிறார்கள். மேர் முடியாது என்று சொல்லவில்லை. சொன்னது வேறு. “கதவத் தொறக்கறவ கதவண்ட தானா போவணும். தூக்கினு வந்து உள்ள வெச்சா அது சரக்கு, வேலக்காரி இல்ல.” சுருக்கென்று இருந்தது, ஆனால் யோசித்தால் அந்த ஆள் சொன்னதில் பாதி சரி, அதுதான் எரிச்சல், சரியானதைத் தப்பான வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே... சரி என்றாள். அப்படியென்றால் படிக்கட்டோடு ஒரு சரிவும் கட்டுங்கள் என்றாள். கட்டலாம், பின்பக்கம் என்றார், மாட்டுக் கொட்டாய்க்கு எதிரே. முன்பக்கம் என்றாள். முன்பக்கம் படி இருந்தால்தான் கட்டடத்துக்குக் கம்பீரம் என்றார். கம்பீரம் இருக்கட்டும், பின்னால் எனக்குத் தனியாகக் கதவு வைப்பீர்களா, தனியாகப் பேப்பர் போடுவீர்களா என்றாள். மனுஷன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சரி, முன்பக்கம், ஆனால் ஏறாவிட்டால் சாவி தேவநாதனுக்கு என்றார். தேவநாதன் மேரின் மச்சான் மகன். அதோ, அரசமரத்தடியில், தலையைப் படிய வாரிக்கொண்டு, இப்போதே வந்து உட்கார்ந்திருக்கிறான், அவள் வழுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிற மாதிரி நடிக்கிறான்.

அண்ணன் ஓடி வந்தான். அரங்கநாதன் எப்போதும் ஓடித்தான் வருவான், வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு, மேலெல்லாம் புகை வாசனையோடு, குனிந்து அக்குளில் கையைக் கொடுத்துவிடுவான், கேட்கவே மாட்டான். “நான் தூக்கி மேல வெச்சிட்றேன். அவரு வர்றப்ப நீ கதவண்ட குந்தினு பேப்பரு படி. எப்படி வந்தன்னு அந்தாளுக்கு இன்னா தெரியும்?” விடு என்றாள். “தேவநாதன் சொல்லிடுவான்னு பாக்கறியா? அவன நான் பாத்துக்கறேன்.” விடுண்ணே என்றாள் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, அவன் கையை எடுத்தான். இவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, ஆனால் அவன் தோளில் இருக்கும்போது ஊரில் ஒருத்தரும் அவளிடம் பேசுவதில்லை, அவனிடம்தான் பேசுவார்கள், பாப்பா சாப்பிட்டுச்சா, பாப்பாவுக்கு உடம்பு தேவலையா, முப்பது தாண்டிய பாப்பா, நரை விழுந்த பாப்பா. போகிற இடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை அவள், குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க வேண்டுமென்றால் அண்ணனைக் கூப்பிட வேண்டும், அண்ணன் நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், தாகத்தோடு இருந்துவிடுவதே மேல். இதையெல்லாம் அவனிடம் சொல்ல முடியுமா? சொன்னால் உடைந்துபோவான். சொல்லாமலே இத்தனை வருஷம்...

சரிவு தப்பில்லை, தப்பு மேல்பூச்சில்தான். முதலில் குழந்தைவேலைச் செங்கல் வைக்கவே விடவில்லையே அவள், வெறும் மண்ணைக் கொட்டி ஏறிப் பார்த்தாள், செங்குத்தாக இருந்தது, நீட்டு என்றாள், நீட்டினான், இன்னும் நீட்டு, ரோடு வந்துடும் தங்கச்சி என்றான், வரட்டும் என்றாள், மூச்சு முட்டாமல் ஏற முடிந்த அன்றைக்குத்தான் செங்கல். மேலே கதவுக்கு முன்னால் படுக்கையாக ஓரிடம், சரிவிலேயே நின்றுகொண்டு கதவைத் தள்ள முடியாது, இரண்டு கையும் கட்டையில் இருக்கும். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், வெளிப்பக்கம் திறந்தால் அதுவே ஆளை உருட்டிவிடும். தாழ்ப்பாள் இடுப்பளவுக்கு, அதாவது இவள் தலையளவுக்கு. எல்லாம் சரியாக வந்திருக்கிறது. மேல்தோல் மட்டும்... மணல் தூவலாமா, உருளும். கோணி விரிக்கலாமா, கோணியோடு சேர்ந்து வழுக்குவாள். தேய்ந்துபோன அம்மி மாதிரி இருக்கிறது, மிளகாயை வைத்தால் அரைபடாமல் ஓடுமே, அந்த மாதிரி, அம்மி தேய்ந்தால் என்ன செய்வோம்... கொத்துவோம்.

வேலம்மாளைக் காலையில்தான் பார்த்தாள், உளியும் சுத்தியும் தலைச்சும்மாட்டில் வைத்துக்கொண்டு, அம்மி கொத்தலியா, ஆட்டுக்கல்லு கொத்தலியா என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனாள். அண்ணே, நீ எனக்கு ஏதாவது செய்யணும்னா அந்தம்மாவைக் கூட்டினு வா என்றாள், அவன் ஓடினான், ஓடுகிற வேலை என்றால் அவனுக்கு நிம்மதி. வேலம்மாள் வந்து பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். “இம்மாம் பெரிய அம்மியில யாருடி தேங்கா அரைக்கப் போறீங்க?” நான்தான், இந்தக் கட்டை ரெண்டும்தான் குழவி என்று காட்டினாள் விருத்தாம்பாள். முழுசும் வேண்டாம், கட்டை போகிற இரண்டு தடம் மட்டும் போதும், நடுவில் டயர் தானாக வரும். சரிதான் என்று குந்திக்கொண்டாள் வேலம்மாள். முதல் கொத்து விழுந்தபோது குழந்தைவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தன் பிள்ளைக்கு மொட்டை போடுவதைப் பார்க்க முடியாத தகப்பன் மாதிரி. டொக் டொக் டொக்... வெள்ளைத்தூள் பறந்தது, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகத் தடம் ஏறிக்கொண்டே போனது. பழக்கதோஷம், அடியில் ஒரு மீனையும் கொத்திவிட்டாள் வேலம்மாள், அம்மிக்கு மீன் போடாம கொத்தினா எனக்குக் கை ஓடாதுடி என்றாள். சீக்கிரம், சீக்கிரம்... அவசரப்படுத்தாத, உளி எகிறிச்சுன்னா ஓட்டையாயிடும்.

வண்டிச் சத்தம் கேட்டபோது மேலே இரண்டு முழம் பாக்கி இருந்தது. மேர் இறங்குவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டார், புதுக் கட்டடத்த இன்னாடா பண்றீங்க, எவன் சொன்னது. தேவநாதன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “அம்மி கொத்துறாங்க, மேரய்யா” என்றாள் விருத்தாம்பாள். சொல்லிவிட்டு, வேலம்மாளை நகரச் சொல்லிவிட்டு, கட்டையை ஊன்றினாள். பாக்கி இரண்டு முழத்துக்கு என்ன செய்வது? தெரியாது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம். ஊன்று, தூக்கு, போடு. கட்டை கடித்தது, ஆகா, கடிக்கிறது, மண்ணில் நிற்கிற மாதிரி நிற்கிறது, ஊன்று, தூக்கு, போடு, பின்னால் யாரோ இருமினார்கள், யார் என்று பார்க்கக் கூடாது, அண்ணன் பக்கத்திலேயே நிழல்போல வருகிறான், கையை நீட்டுகிறான் போலிருக்கிறது, தொட்டன்னா உன்னக் கொன்னுடுவேன் என்றாள், நிழல் நின்றது. தோள் நரம்பு இழுத்தது, முழங்கைச் சிராய்ப்பில் சுண்ணாம்பு ஏறி எரிந்தது, எரியட்டும். கொத்தின இடம் முடிந்தது. இனிக் கண்ணாடி. மறுபடி அதே முகம், இப்போது தூள் அப்பி, கிழவி மாதிரி... கட்டையை வைத்தால் வழுக்கும். கட்டையை வைக்காவிட்டால்? கொத்தின தடத்திலேயே இரண்டு கட்டையையும் கடைசி வரை கொண்டுபோய் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து, உடம்பை மொத்தமாக மேலே எறிந்தாள், மார்பு சமதளத்தின் விளிம்பில் மோதியது, கட்டைகளை விட்டாள், நிலைப்படியை இரண்டு கையாலும் பற்றினாள். இழுத்தாள். இடுப்பு வந்தது, டயர் வந்தது, செத்த காலும் பின்னோடு வந்தது. திரும்பி உட்கார்ந்தாள்.

இவ்வளவு பேர் தலையையும் மேலேயிருந்து பார்ப்பது இதுதான் முதல்முறை, அண்ணன் தோளிலிருந்து பார்த்தது கணக்கில் வராது. மேருக்கு உச்சியில் வழுக்கை. யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. வேலம்மாள்தான் முதலில் பேசினாள், “அரைச்சிட்டாடி தேங்கா” என்றாள், சிரிப்பு கிளம்பியது, மேர்கூடச் சிரிக்காமலிருக்க மீசையைத் தடவிக்கொண்டார். சாவியைக் கீழேயிருந்து நீட்டினார். விருத்தாம்பாள் கையை நீட்டவில்லை, மேலே வந்து குடுங்க மேரய்யா, கதவு இங்கதான் இருக்குது என்றாள். அவர் படியைப் பார்த்தார், அவருக்கு மூட்டுவலி, ஊருக்கே தெரியும், சரிவில் ஏறி வந்தார், கொத்தின தடத்தில் பாதம் வைத்து, கடைசி வழவழப்பில் பாதத்தை அழுத்தி அழுத்தி. சாவியைக் கையில் வைத்தார். “அந்த மேல ரெண்டு மொழத்தையும் கொத்திடச் சொல்லு” என்றார் கடைசியில், குழந்தைவேலிடம், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

மேல் இரண்டு முழத்தையும் வேலம்மாள் கொத்தி முடித்தாள். ரேடியோ கரகரத்துவிட்டுப் பேசியது. செய்தி, அப்புறம் நாதஸ்வரம். ஆள் ஆளாகச் சரிவில் ஏறி வந்து உட்கார்ந்தார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒருத்தன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி, படியில் ஏறி வந்தவன் தேவநாதன் ஒருத்தன்தான், ரோஷம். விருத்தாம்பாள் ரேடியோக் குமிழைத் திருப்பினாள், பேப்பரை நிறுத்திப் படித்தாள், மேட்டூர் என்றாள், டில்லி என்றாள், கேள்வி கேட்டவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். இருட்டுகிற வேளைக்கு அண்ணன் சரிவடியில் வந்து நின்றான், போலாமா என்றான். நீ போண்ணே, நான் வர்றேன் என்றாள். எப்ப என்றான். அவன் எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை, சோறு ஆறிவிடுமே என்று கேட்டான், நின்று பார்த்தான், தூக்க ஒன்றுமில்லாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனான். எப்போது? இத்தனை வருஷமும் அவன் வந்து குனிந்தால் கிளம்புகிற நேரம், குனியாவிட்டால் இருக்கிற நேரம், அவ்வளவுதான் தெரியும். ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் தனக்குப் போதும் என்றிருக்கும், எப்போது அலுக்கும், எப்போது வீட்டுக்குப் போக வேண்டும்போல இருக்கும்... அவளுக்குத் தெரியவில்லை. நாதஸ்வரம் முடிந்து யாரோ பேச ஆரம்பித்தார்கள். இப்போதா? இல்லை, இன்னும் இல்லை. இது முடிந்ததும்? தெரியவில்லை, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு, கிளம்புகிற நேரம் தனக்குள் எங்காவது தெரியவருகிறதா என்று காத்திருந்தாள்.