தரைத்தள வீடு தேவை

பத்தொன்பது தரகர்களுக்கு எழுதினேன். பத்தொன்பது பேரும் படித்தார்கள். ப்ளூ டிக் விழுந்தது, அதோடு சரி. கிணற்றில் போட்ட கல்லாவது தொப்பென்று ஒரு சத்தம் கொடுக்கும். எங்கள் லாகோஸ் நகரத்துத் தரகனிடம் அதுகூடக் கிடையாது.

நான் ஒன்றும் அரண்மனை கேட்கவில்லை. நாங்கள் இருக்கும் ஓக்பா பக்கமாகத் தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒழுங்காகத் தண்ணீர், வாசலில் படி இருக்கக் கூடாது. அவ்வளவுதான். என் கணவர் ஒசாயிக்கு பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்தன, பேச்சில் பாதி போயிற்று. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, ஐம்பத்தெட்டுப் படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நாலு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி அவரை மேலே ஏற்றினார்கள். அதன் பிறகு ஐந்து மாதமாக அவர் கால் மண்ணில் படவில்லை.

"தெனம் நூறு அடியாவது நடக்க வைக்கணும்மா. இல்லேன்னா அந்தக் கால் இறுகிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனமில்ல" என்று பயிற்சி கொடுக்க வந்தவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? எங்கள் வீட்டில் கட்டிலைத் தாண்டினால் அலமாரி, அலமாரியைத் தாண்டினால் சுவர். ஒசாயி நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீடு தேடுவதை அவரிடம் நான் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் மனிதர் நொறுங்கிவிடுவார். அக்கம்பக்கத்தில் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் ஊரில் வீடு மாறப்போகிறவன், லாரியில் கட்டில் ஏறுகிறவரை வாயைத் திறக்கமாட்டான். யார் கண் படுமோ, யார் வயிறு எரியுமோ, யார் கண்டது?

நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறேன். அங்கே இஸ்திரி போடும் மோரேனிகே ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் போனைப் பிடுங்கி, நான் அனுப்பியதையெல்லாம் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி இவியே! 'கணவருக்குப் பக்கவாதம், படி ஏற முடியாது'ன்னு நீயே எழுதியிருக்கியே. எந்த ஓனர்டி குடுப்பான்? வாடகை எங்கேர்ந்து வரும்னு யோசிப்பான். வீட்டுக்குள்ள சாவு விழுந்தா அடுத்தவன் குடிவருவானான்னு யோசிப்பான்."

"அவர் ஒண்ணும் சாகமாட்டார்."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தரகனுக்குத் தெரியுமா? புருஷன் கடல்ல, எண்ணெய்க் கிணத்துல வேலைன்னு எழுது. வருஷத்துக்கு ரெண்டு தடவதான் வருவார்னு எழுது. தங்கப்போறது நான் மட்டும்தான்னு எழுது. பணம் வரும், ஆள் தொல்லை இல்ல. விழுந்தடிச்சு ஓடி வருவானுங்க பாரு."

எழுதினேன். இருபதாவதாக ஒரு தரகருக்கு அப்படி எழுதும்போது விரல் கூசத்தான் செய்தது. பன்னிரண்டாவது நிமிடம் பதில் வந்தது: "மேடம், நான் பிரின்ஸ் அடேகுன்லே. உங்களுக்குன்னே ஒரு தரைத்தளம் இருக்கு." எந்த நாட்டு இளவரசரோ தெரியாது. லாகோஸ் தரகர்களில் பாதிப் பேர் ராஜவம்சம்தான். கூடவே படங்களும் வந்தன. வெள்ளைத் தரை, நீலக் குளியலறை, வாசலில் ஒரு படிகூட இல்லை. அன்று ஒசாயிக்குச் சோறு ஊட்டும்போது எனக்குப் பாட்டு வந்தது. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அப்புறம் இளவரசர் காணாமல் போனார். "வணக்கம் சார்" என்று எழுதினேன். ப்ளூ டிக். "எப்ப பாக்கலாம் சார்?" ப்ளூ டிக். கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டால் வெட்டினார். ஒரு வாரம் கழித்து, ஏதோ கல்யாணத்தில் தலைப்பாகையோடு ஆடும் படத்தை அவரே போட்டிருந்தார். சரி, ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இருபத்துமூன்று நாள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமைக்கும்போது பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன், ஒசாயியின் காலைப் பிடித்துவிடும்போதுகூட ஒரு கையால் பார்த்தேன். சார்ஜ் ஏற வேண்டுமென்றால் மட்டும் அதை அவருடைய ஜன்னலோரம் வைப்பேன். வீட்டில் வேலை செய்யும் பிளக் அங்கே இருக்கும் ஒன்றுதான்.

இருபத்துநாலாம் நாள் காலை செய்தி வந்தது. "மேடம், வீடு ரெடி. வீடு காட்டுற கூலிய அனுப்பிட்டு இகேஜா பஸ் ஸ்டாப்புக்கு வாங்க."

"முகவரி சொல்லுங்க, நேரா வந்துடறேன்."

"அதெப்படி மேடம்? முகவரி சொன்னா நீங்க நேரா ஓனரப் பாத்துடுவீங்க. எங்க பொழப்பு என்னாகறது?"

கூலியை அனுப்பினேன். வேலைக்கு அரைநாள் லீவு சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் முதலை மூக்குபோல நீண்ட ஷூ போட்ட ஒல்லி ஆள் நின்றிருந்தார். அவர்தான் பிரின்ஸ். அவருக்கே முகவரி தெரியாது என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. வீடு இன்னொரு தரகருடையதாம். அந்த ஆள் போனில் சொல்லச் சொல்ல இவர் டிரைவரிடம் "லெஃப்ட், ரைட்" என்று கத்திக்கொண்டு வந்தார்.

ஆட்டோ எங்கள் பக்கமாகத் திரும்பியபோது எனக்கு மனசு குளிர்ந்தது. அதே சந்தை, அதே மருந்துக்கடை, பழக்கப்பட்ட இடம். எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஆண்டவன் இருக்கிறான் என்று நினைத்தேன். பச்சைக் கேட்டின் முன்னால் நின்றபோது ஒன்றும் நினைக்க முடியவில்லை.

"இந்த வீடா?"

"இதேதான் மேடம். அமைதியான எடம். மேல குடியிருக்கறவங்கல்லாம் டீசன்ட் ஆளுங்க."

"படத்துல இருந்தது இது இல்லியே."

"அது சும்மா மேடம், ஒரு மாதிரிக்கு."

"மூணாவது மாடியில யாரு இருக்கா?"

"எனக்கு நல்லா தெரிஞ்சவங்கதான். தங்கமான குடும்பம்."

"யோவ், அந்தக் குடும்பமே நான்தான்யா!"

என் சத்தம் கேட்டு, தரைத்தளத்துக் கதவைத் திறந்துகொண்டு டாரே அம்மா வந்தாள். மூத்த பையன் பேர் டாரே, அதனால் எங்களுக்கெல்லாம் அவள் டாரே அம்மா. அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டி, கட்டிவைத்த மூட்டை. என்னைப் பார்த்தாள், பிரின்ஸைப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது.

"ஊருக்கு வெளிய, மோவேல சொந்தமா வீடு கட்டியிருக்கோம், இவியே. சனிக்கிழமை லாரி வருது" என்றாள் மெதுவாக.

"அஞ்சு வருஷமா ஒரே குழாயில தண்ணி புடிக்கிறோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் வீடு இடிஞ்சு விழுந்திருக்குமா?"

"ஏன், நீ சொன்னியா? வீடு தேடுறேன்னு நீ என்கிட்ட சொன்னியா?"

அவள் கண்ணுக்கு நான் பயந்தேன், என் கண்ணுக்கு அவள் பயந்தாள். நடுவில் இந்த இளவரசர் இகேஜா வரைக்கும் என்னை இழுத்தடித்து, என் வாசலையே எனக்குக் காட்டுகிறார்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியேடி" என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

அங்கேயே நின்று வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "ஒசாயிக்காகவா? கீழ வாங்கம்மா, தாராளமா வாங்க. நீ கேட்டிருந்தா நான் எதுக்கு தரகன்கிட்ட போறேன்?" என்றார். அவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப என் கமிஷன், மேடம்?" என்றார் பிரின்ஸ்.

"ரெண்டு ப்ளூ டிக் அனுப்பறேன். வச்சுக்கோ."

மேலே ஓடப்போன என்னை டாரே அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணு புரியல. நாங்க காலி பண்றது உன் ஒசாயிக்குத் தெரியுமே. ரெண்டு வாரமா விடியக்காலைல மூட்டை மூட்டையா அனுப்பறோம், ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தார். அவர் சொல்லலியா உன்கிட்ட?"

ஐம்பத்தெட்டுப் படியும் கோபத்தோடுதான் ஏறினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கேட்டில் நடந்த கூத்தையெல்லாம் பார்த்திருக்க வேண்டும்.

"கீழ்வீடு காலியாகறது உங்களுக்குத் தெரியுமாமே?"

தலையை ஆட்டினார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் ஊரெல்லாம் நாயா அலைஞ்சிட்டிருக்கேன், நீங்க வாயத் தெறக்காம உக்காந்திருக்கீங்க!"

அவருக்கு ஒரு வார்த்தை வர நேரமாகும். நான் காத்திருக்கவேண்டியிருந்தது.

"உன் போன்... பாத்தேன். நீ எழுதினது. தங்கப்போறது... நான் மட்டும்தான்னு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"கீழ்வீட்டப் பத்தி சொல்லியிருந்தா..." அவர் மூச்சு வாங்கினார். "எனக்காக... எடுத்திருப்பே. எனக்காக... இங்கயே கெடந்திருப்பே. போகணும்னு நெனச்சவள... ஏன் தடுக்கணும்?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. தினமும் நான் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது "எப்ப வருவே?" என்று கேட்பது அவர் வழக்கம். மூன்று வாரமாக அவர் அதைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் யோசிக்கவும் இல்லை. பதில் போடாத ஒரு முதலை ஷூக்காரனுக்காக நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர், போகப்போவதை இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அது பொய், தரகனை மடக்க எழுதியது, மோரேனிகே சொல்லிக்கொடுத்தது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். ஓனர் சரியென்றதைச் சொன்னேன். சனிக்கிழமை அவர்கள் போனதும் ஞாயிற்றுக்கிழமை நாலு ஆள் பிடித்துக் கீழே இறங்குகிறோம் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பாதி உதடு அசைந்தது, மறுபாதி அசையவில்லை.

"என்னையும்... சேத்தா?" என்றார்.

"பின்ன யாரச் சேத்து? அந்தப் பிரின்ஸையா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அவர் இடது கையை நீட்டி என் தோளைத் தேடினார். எட்டவில்லை. நான்தான் எழுந்து பக்கத்தில் போனேன்.