பிரதி எடுக்காத பதினோரு நிமிடம்

2018 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை காலை, குவோப்பியோ நகரத்தில் எங்கள் குடியிருப்பின் ஏழாம் எண் வீட்டுச் சமையலறையில் ஏரித்தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. அதில் மூன்று மீன்கள் இருந்தன. வெளியே குளிர் மைனஸ் இருபத்திரண்டு. தண்ணீரோ இளஞ்சூடாக இருந்தது. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வந்து பார்த்த குழாய்க்காரர், குழாய்கள் சரியாக இருப்பதாகவும் தண்ணீரில் ஜூலை மாத வாசனை அடிப்பதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மீன்களை வெண்ணெயில் பொரித்து நாங்கள்தான் சாப்பிட்டோம், ஆகவே அவை நிஜ மீன்கள் என்று சத்தியம் செய்யத் தயார்.

அந்த வீட்டுக்காரர் தாவெத்தி, நகராட்சியின் பனி வாரும் வண்டியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி இர்மெலி 1988இல் ஒரு வீடியோ கேமரா வாங்கினாள், அதன்பிறகு அதைக் கண்ணைவிட்டு இறக்கவே இல்லை. மழை, படகு, மகள் சொயிந்துவின் விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய் என்று பத்து வருடம் பிடித்துத் தள்ளினாள். 1998 பிப்ரவரியில் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து இரண்டே நாளில் போய்விட்டாள். விட்டுப்போனது இருநூற்றுப் பதினான்கு கேசட்டுகள். தாவெத்தி ஓய்வு பெற்றபின் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அத்தனையையும் கணினிக்கு மாற்றி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டார், பூஞ்சை பிடித்த கேசட்டுகளை எறிந்துவிட்டார். டிஸ்க் பழுதானால் என்ன செய்வது என்று பயந்து, எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்து வைக்க இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வாங்கினார். அது கொஞ்சம் சின்னது. ஏரித்தண்ணீர் வந்ததற்கு முந்தின நாள்தான் அது நிரம்பி, இடமில்லை என்று சொல்லிவிட்டது. வெளியே நின்றுபோனது ஒரே ஒரு படம்: 1991 ஜூலை, கல்லவேசி ஏரியில் படகுப் பயணம். தாவெத்தி வேறொரு படத்தின் பிரதியை அழித்து, அந்த இடத்தில் படகுப் பயணத்தை ஏற்றினார். காப்பி கொதிப்பதற்குள் தரை காய்ந்துவிட்டது. மறுநாள் காலை கூடத்தில் நாய் குரைத்தது. அழித்தது நாயின் படத்தை.

விதி இவ்வளவுதான். எந்தப் படம் முதல் டிஸ்க்கில் மட்டும், வேறெங்கும் பிரதி இல்லாமல் இருந்ததோ, அது பிடிக்கப்பட்ட அதே நேரத்துக்கு, அதே அளவு நேரம், தினமும் ஒருமுறை ஏழாம் எண் வீட்டில் நடந்தது.

பெரிய டிஸ்க்காக வாங்கித் தொலையுங்கள் என்று வடக்கே ஓவுலு நகரத்திலிருந்து சொயிந்து போனில் கத்தினாள். வாங்கத்தான் கிளம்பினார். அன்று 1989ஆம் வருட நடுக்கோடைத் திருநாள் படம் பிரதியில் சேராமல் வெளியே நின்றிருந்தது. அதன் வெயில் கதவிடுக்கு வழியாக மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் ஒன்பது பேர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் படிகளில் உட்கார்ந்திருந்தோம். ஜனவரி மாதம் அது. தாவெத்தி எங்களைத் தாண்டிப் போக வழியில்லாமல் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் குடியிருப்புச் சங்கத் தலைவி ஹில்க்கா, துணி துவைக்கும் அறையில் ஒரு தாளை ஒட்டினார். யாருக்கு எந்தப் படம் வெளியே வேண்டுமோ அதில் எழுதலாம். ஜூலைப் புழுக்கத்தில் 1990 மார்ச்சின் பனி கேட்டோம், கிடைத்தது. ஒருமுறை தாவெத்தி கவனமில்லாமல் குளவிக்கூட்டுப் படத்தை வெளியே விட்டுவிட, "யோவ், உன் பொண்டாட்டிக்குப் புடிக்க வேற எதுவுமே கெடைக்கலியாய்யா?" என்று ஹில்க்கா வீங்கின உதட்டோடு திட்டித் தீர்த்தார். கிட்டத்தட்ட மூன்று வருடம் இப்படி ஓடியது. அந்தப் படிகளில் உட்கார்ந்த எவருக்கும் நெஞ்சு நிறையாமல் இருந்ததில்லை. இருபத்தொன்பது வருடத்துக்கு முந்தின வெயில் முதுகில் சுடும்போது பேச என்ன இருக்கிறது?

எல்லாம் வந்தது, இர்மெலி மட்டும் வரவில்லை. படம் பிடித்தவள் படத்தில் எப்படி வருவாள்? அவள் சிரிப்பு கேட்கும், சில நேரம் சுவரில் நிழல் விழும், அவ்வளவுதான். இருநூற்றுப் பதினான்கு கேசட்டில் அவள் முகம் இருந்தது பதினோரு நிமிடம் மட்டும். 1996 ஆகஸ்ட்டில், காட்டில் நீலப்பெர்ரி பறிக்கும்போது தாவெத்தி கேமராவை வாங்கிப் பிடித்தது. அதிலும் நான்கு நிமிடம் அவருடைய சொந்த பூட்ஸ். அந்தப் படத்துக்குத்தான் அவர் முதன்முதலில் பிரதி எடுத்தார், அத்தனை நாளும் அதைத் தொடவில்லை. ஆனால் தினமும் சிரிப்பை மட்டும் கேட்டு எத்தனை நாள் இருப்பார் ஒரு மனுஷன்? 2020 அக்டோபரில் அந்தப் பிரதியை அழித்தார்.

மதியம் இரண்டரைக்கு அவள் வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் வாளி, விரலெல்லாம் நீலக்கறை, வயது முப்பத்துநான்கு. "என்னய எதுக்குப் புடிக்கிற? பெர்ரியப் புடி" என்றாள். தினமும் அதையேதான் சொன்னாள். அவள் பார்வை குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், அன்று கேமரா இருந்த உயரத்தில் நிலைத்திருந்தது. அங்கே எவர் இருந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. தாவெத்தி லேசாக முழங்காலை மடக்கி அந்த உயரத்துக்குச் சரியாக நிற்கப் பழகிக்கொண்டார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து, மூட்டுவலி வேறு. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பிப்ரவரியில் முதல் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. டிஸ்க் சாவதற்கு முன் போடும் சத்தம் அது. மற்ற படங்கள் எல்லாம் இரண்டாவது டிஸ்க்கிலும் இருந்தன. இந்தப் பதினோரு நிமிடம் மட்டும் இதில்தான் இருந்தது. பிரதி எடுத்தால் படம் பிழைக்கும், ஆனால் இர்மெலி வரமாட்டாள். விட்டுவிட்டால், டிஸ்க் போகிற அன்றைக்கு இரண்டுமே போகும். சொயிந்து புது டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தாள். நானும் ஹில்க்காவும் ஏலக்காய் ரொட்டியோடு அங்கே இருந்தோம், கிளம்பிவிடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், கிளம்பவில்லை.

"பிரதி எடுத்தா வரமாட்டாடி," என்றார் தாவெத்தி.

"டிஸ்க் செத்தாலும் வரமாட்டாங்கப்பா. உங்களுக்கு மட்டுமா பொண்டாட்டி? எனக்கு அம்மா இல்லையா? என்கிட்ட அவங்க மொகம் வேற எங்க இருக்கு, சொல்லுங்க!"

அவர் மேஜைவிரிப்பின் சுருக்கத்தைத் தடவி நீக்கினார். "இன்னிக்கு ஒருவாட்டி பாத்துக்க. அப்புறம் எடுத்துக்க," என்றார். அந்தக் கணத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டரைக்கு இர்மெலி வந்தாள். சொயிந்து, முப்பத்தேழு வயதுப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாவெத்தி முழங்காலை மடக்கித் தன் இடத்தில் நின்றார். ஏழாவது நிமிடத்தில் டிஸ்க் மூன்றுமுறை சொடுக்கியது, பிறகு நின்றே போயிற்று. இர்மெலி பேச்சை நடுவில் நிறுத்தினாள். அவள் திரும்பிப்போக இப்போது படமே இல்லை. குளிர்பெட்டிப் பக்கமிருந்து கண்ணை எடுத்து அறையைச் சுற்றிப் பார்த்தாள், வாளியை மேஜைமேல் வைத்தாள், தன்னைவிட மூன்று வயது மூத்த மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, ஒழுங்கா சாப்பிடுறியா இல்லியா? இப்படி எளச்சுப் போயிருக்க."

இரண்டு வாளி நிறைய அழுகை அன்று அந்த வீட்டில். நடுவில், அவள் செத்துப்போன விவரத்தை ஹில்க்காதான் நாசூக்காக எடுத்துச் சொன்னார். "எந்த மாசம்?" என்று கேட்டாள் இர்மெலி. பிப்ரவரி என்றதும், "நல்லவேளை, பெர்ரி சீசன்ல இல்ல," என்றாள். டிஸ்க்கை மீட்பதற்காகச் சொயிந்து ஹெல்சிங்கிக்கு எழுதலாம் என்றபோது தாவெத்தி பாய்ந்துபோய் அதை எடுத்து, சுத்தியலால் நசுக்கிவிட்டு வந்தார்.

சவுனா என்கிற பொது நீராவிக் குளியலறையின் முறைப் பட்டியலில் சனிக்கிழமை ஆறு மணிக்கு நேராக ஹில்க்கா இன்னொரு பெயரைச் சேர்த்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இர்மெலி வரும்போது எங்கள் குடியிருப்பில் யாரும் போனை வெளியே எடுப்பதில்லை. பேசி முடிவு செய்த விஷயமல்ல அது. கேமராவை அவளே தொடுவதில்லை, பிடிக்க நேரமில்லையாம்.

போன ஏப்ரலில் ஒரு காலை, தாவெத்தி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி வந்து, முதல் மாடி தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஏதோ விபரீதம் என்று பதறிப்போய்த் திறந்தோம். மூச்சு வாங்க, கண் கலங்க, எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: இர்மெலிக்கு முதல் நரை வந்திருக்கிறது.