பெறுநர் கைலாசம்

"இன்னும் ஒரு அரை மணி நேரம் சித்தப்பா" என்று சிவசங்கரன் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தி அவனைப் பார்த்தார்கள்.

சித்தப்பா சிவசண்முகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நீர்மாலைத் தண்ணியும் எடுத்தாச்சு, குளிப்பாட்டியாச்சு. பொழுது ஏறுதுல்லா சங்கரா. ராதாபுரத்துல இருந்து அத்தை இன்னும் வரலியா?"

"பஸ் ஏறிட்டாகளாம். வந்துக்கிட்டே இருக்காக."

அத்தை பஸ் ஏறவில்லை. முட்டுவலி, வர முடியாது, எனக்காகப் பார்க்காதீர்கள் என்று ஒன்பது மணிக்கே போனில் அழுதிருந்தாள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கொரியர் வண்டிக்காகத்தான் அவன் காத்திருந்தான். அதில் ஒரு பெட்டி வர வேண்டும். அப்பா இந்த வீட்டில் கிடக்கும்போதே அது வாசலேறி, அவர் தலைமாட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் வரும் என்று போன் சொல்லிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று.

"அப்பாவை அனுப்ப மனசு வரல பிள்ளைக்கு" என்று பந்தலுக்குள் ஒரு பெண் குரல் உச்சுக்கொட்டியது.

கைலாசம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விடிகாலையில் பால் வாங்கச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கை சட்டைக்கு உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாகச் சாய்ந்துவிட்டார். தலைமாட்டில் அம்மா பாலம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலத்துல இருந்தே தோள்பட்டை வலிக்குன்னாக. என்னத்தத் தூக்குனியன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, சும்மா இருன்னுட்டாக."

பந்தலில் அப்பாவோடு வேலை பார்த்த பாக்கியசீலன் சார் கதையை ஆரம்பித்துவிட்டார். ஆரம்பிப்பார் என்று சங்கரனுக்குத் தெரியும். அப்பாவைப் பற்றி ஆழ்வார்குறிச்சியில் சொல்வதற்கு இருந்தது அந்த ஒரு கதைதான்.

"பிளஸ் டூ பரீட்சைக்கு மூணு மாசம் கிடக்கு. பய சதா கம்ப்யூட்டர்ல விளையாடுதான். மனுசன் ஒரு வார்த்தை பேசல. டிவிப்பெட்டி கணக்கா இருந்ததை அப்படியே தூக்கிட்டுப் போயி பின்னால கிணத்துல போட்டுட்டாரு. அன்னைக்குப் போடலைன்னா இன்னைக்கு சங்கரன் இந்த நிலைமைக்கு வந்திருப்பானா?"

எல்லோரும் சங்கரனைப் பார்த்தார்கள். அவன் சிரிக்க வேண்டிய இடம் அது. இருபது வருஷமாக அந்த இடத்தில் சிரித்திருக்கிறான். கிணற்றில் போட்டதைக்கூட அவன் மன்னித்திருப்பான். அப்பா அதைக் கல்யாண வீடுகளில், பெண் பார்க்கப் போன இடத்தில், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டதை அவனால் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்குச் செத்தும் அடுத்தவர் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதைக்கு அப்பா வைத்திருந்த சாட்சி அவனுடைய ஆபீஸ் லேப்டாப். மெலிசாக, சாம்பல் நிறத்தில், சத்தமே போடாமல் இருக்கும். கணக்கு எழுதலாம், கடிதம் எழுதலாம். ஒரு விளையாட்டைப் போட்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் "அதைக் கொண்டா சங்கரா" என்பார். வந்தவர் கையில் கொடுத்து, "கனம் பாத்தீரா? ஒரு கிலோதான் வே" என்பார். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களுக்கு மேலே அதை வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பொட்டைச் சங்கரன்தான் சுரண்டித் துடைப்பான்.

போன மாதம் வீட்டில் சொல்லாமல் அவன் அந்த வேலையை விட்டான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். மெலிசு லேப்டாப்பை ஆபீசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அதன் பையில் பழைய செய்தித்தாளைத் திணித்து நாற்காலியில் மாட்டி வைத்தான். புதிய வேலைக்கு கேமிங் லேப்டாப் வேண்டும். கருப்பாக, தடியாக, எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதாக, காற்றாடி மிக்சி மாதிரி சத்தம் போடுகிறதாகத் தேடித் தேடி எடுத்தான். பெறுபவர் பெயர் என்று கேட்ட இடத்தில் விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அழுத்தினான்: கைலாசம், தலைமையாசிரியர் (ஓய்வு).

அவர் கையால் வாங்க வேண்டும். என்னலே இது என்று கேட்க வேண்டும். அப்போது சொல்வதற்கு ஒரு வாசகத்தை வாரக்கணக்காகப் பழகி வைத்திருந்தான். "உங்களுக்குத்தான் வந்திருக்கு. கிணறு பின்னால அங்கனயேதான் இருக்கு."

இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாம் இந்த மனிதர். ஒரே ஒரு நாள்.

வாசலில் குற்றாலலிங்கம் வந்து நின்றான். கொரியர் வண்டி ஓட்டுகிறவன், அப்பாவிடம் படித்தவன். சங்கரன் வாசலைப் பார்த்து ஓரடி வைத்தான். ஆனால் அவன் கையில் பெட்டி இல்லை, ரோஜா மாலை இருந்தது. மாலையைப் போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சங்கரன் பக்கத்தில் வந்தான்.

"நம்பவே முடியலண்ணே. நேத்து சாயங்காலம்கூடப் பேசுனேன் சார்ட்ட."

"எங்க வச்சு?"

"இங்கனதான். சார் பேருக்கு ஒரு பெட்டி வந்துது. இன்னைக்குத் தேதிதான் போட்டிருந்துது, ஒரு நாள் முந்தியே வந்துட்டு. நீங்க வெளிய போயிருந்திய."

சங்கரன் அவன் தோளைப் பிடித்தான். "வாங்குனாரா?"

"பெட்டி மேல இருந்த படத்தையே ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், வேண்டாம், திருப்பி அனுப்பிரு, என் மகனுக்கு ஆபீஸ்ல குடுத்தது இருக்குன்னாங்க. நான் எடுக்குதேன் சார்னேன், கேக்கல. அவங்களே தூக்கிட்டு வந்து வண்டியில வச்சாங்க. நல்ல கனம்ணே அது. டவர் கிடைக்காததால போன்ல பதிய முடியல, பெட்டி மேலயே எழுதி வாங்கிக்கிட்டேன். மகன்ட்ட சொல்லாதன்னாங்க." குற்றாலலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பம் சொல்லிட்டேன்."

நேற்றுச் சாப்பாட்டின்போது அப்பா கிணற்றுக் கதையைச் சொன்னார். கேட்கிறதற்கு அம்மாவையும் அவனையும் தவிர வேறு ஆள் இல்லை. "தண்ணியில விழுந்ததும் ஒரு சத்தம் கேட்டுது பாரு பாலம்மா" என்று சிரித்து, இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். வயசாகிவிட்டது, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியவில்லை என்று சங்கரன் நினைத்தான். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தோள்வலியோடு உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

"என்ன சங்கரா, எடுத்துருவமா?" என்றார் சித்தப்பா.

"எடுங்க. அத்தை வர மாட்டாக."

கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். பின்னால் சங்கும் சேகண்டியும் வந்தன. தெரு முக்கில் பாடையை இறக்கி, தலைப்பக்கமும் கால்பக்கமும் மாறும்படி திருப்புவது வழக்கம். இறக்கிய இடத்துக்கு இரண்டடி தள்ளி குற்றாலலிங்கத்தின் வண்டி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. தூக்கினவர்கள் திருப்பி வைத்தபோது அப்பாவின் முகம் வண்டிக்கு நேராக வந்தது. தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் ஒரு ரூபாயோடு இருந்தார்.

காலையிலிருந்து அவன் ஆசைப்பட்டது இதுதான். பழகி வைத்த வாசகம் தொண்டை வரைக்கும் வந்தது. சட்டியோடு வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டியின் மேல் நீல மையில் எழுதியிருந்தது. 'வேண்டாம். கி. கைலாசம்.' கீழே தேதி.

"தூக்கி வச்சதுக்கு முந்தியா எழுதுனாரு, பிந்தியா?"

"பிந்திண்ணே. வச்சிட்டுத்தான் பேனா கேட்டாங்க."

ஒரு எழுத்தாவது கோணியிருக்கிறதா என்று சங்கரன் தேடினான். அந்தப் பெட்டி அவரை ஆட்டியிருக்க வேண்டும். கொஞ்சமாவது ஆட்டியிருக்க வேண்டும். கோணியிருந்தால் தான் சந்தோஷப்படுவோமா அழுவோமா என்று அவனுக்கே தெரியவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை தேடினான். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எல்லாம் ஒரே வரிசையில் நேராக நின்றன.

"அழுதுரு சங்கரா. உள்ள வச்சுக்கிடாத" என்று சித்தப்பா முதுகைத் தடவினார்.

சங்கரன் அழவில்லை. "குற்றாலம், இதைத் திருப்பி அனுப்பாத. வீட்டுக்குக் கொண்டு போயி அப்பா கட்டில் மேல வச்சிரு."

குற்றாலலிங்கம் பெட்டியில் கை வைத்தான். எழுதியிருந்ததைப் பார்த்தான், பாடையைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

"சார் வேண்டாம்னு எழுதியிருக்காங்கல்லாண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினான்.

பாடையைத் தூக்கினார்கள். சட்டி சுட்டது. மறு கைக்கு மாற்றிக்கொண்டு சங்கரன் நடந்தான்.